எலிக்கு ஏது பொறுமை? ‘தோல்’ என்ற பழைய ஆங்கில வினைச்சொல்லும் அதில் வழுக்கும் இடங்களும்

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் சுண்டெலிக்கு எழுதிய கவிதையைத் தமிழில் எழுதிப் பார்த்தபோது ஒரே இடத்தில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். 1785 நவம்பர். ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில், உழுதுகொண்டிருந்த ஏர் ஒரு எலியின் கூட்டைப் புரட்டிப் போட்டுவிடுகிறது. இலையும் அரிதாளும் கொறித்துக் கொறித்துச் சேர்த்துக் கட்டிய கூடு. குளிர்காலம் வாசலில் நிற்கிறது. அந்த எலியிடம் பர்ன்ஸ் சொல்கிறார்: ‘பட் ஹவுஸ் ஆர் ஹால்ட், டு தோல் த விண்டர்ஸ் ஸ்லீட்டி ட்ரிபிள்’.

“ஆனால் வீடும் நிலமும் குளிர்காலத்துச் சாரலைப் பொறுத்துக்கொள்ள” என்று எழுதிவிட்டு, வாக்கியம் ஏன் முடியாமல் தொங்குகிறது என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நண்பரிடம் காட்டினேன். படித்துவிட்டு, “எலி எப்பய்யா பொறுத்துக்கிச்சு? அதுக்கு வேற வழியே இல்லையே” என்றார்.

அங்கே ‘பட்’ என்பது ‘ஆனால்’ இல்லை. ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழியில் அதற்கு ‘இல்லாமல்’ என்று பொருள் உண்டு. ‘ஹவுஸ் ஆர் ஹால்ட்’ என்ற இரட்டைக்கு நம்மிடம் அச்சாக ஒரு இரட்டை இருக்கிறது: வீடு வாசல். வீடு வாசல் இல்லாமல், சாரலும் உறைபனியும் பட்டுக் கிடக்கத் துரத்தப்பட்டாய் என்பதுதான் அடி. அந்தப் ‘பட்டுக் கிடக்க’ என்ற இடத்தில்தான் ‘தோல்’ என்ற வினை உட்கார்ந்திருக்கிறது. முதல் வழுக்கலை அகராதி தூக்கி நிறுத்தும். இரண்டாவதை அகராதியே உண்டாக்கும், ஏனென்றால் அதில் ‘சகித்துக்கொள்’ என்று ஒற்றைச் சொல்லில் போட்டிருக்கும்.

முதலில் உச்சரிப்பு. தமிழில் எழுதினால் நம் மேல்தோல் மாதிரித்தான் தெரிகிறது, வேறு வழியில்லை. ஆங்கிலத்தில் அது ‘ஹோல்’, ‘கோல்’ போன்ற சொற்களோடு எதுகை போடும். முதல் ஒலி ‘திங்க்’ என்பதில் வரும் காற்றொலி. நாக்கு நுனி பல்லிடுக்கில் நிற்க வேண்டும். ‘தட்’ என்பதில் வரும் அதிரும் ஒலி கூடாது.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘தோலியன்’. அதைப் பழைய பதிப்புகளில் பார்க்கிறவர்கள் ‘போலியன்’ என்று படித்துவிடுகிறார்கள், நானும் படித்திருக்கிறேன். முதல் எழுத்து ரோமன் ‘பி’ போலவே இருக்கும். தண்டு மட்டும் மேலேயும் நீண்டிருக்கும். அது ‘தார்ன்’ என்ற பழைய எழுத்து, ‘த்’ என்ற காற்றொலிக்கு உரியது. பிற்காலத்தில் எழுதியவர்களும் அச்சிட்டவர்களும் இதற்குப் பதிலாக ‘ஒய்’ எழுத்தைப் போட்டார்கள். சாராயக்கடைப் பலகைகளில் பழமை காட்டுவதற்காக எழுதி வைக்கும் ‘யி ஓல்டு’ அப்படிப் பிறந்ததுதான். அதையும் ‘த ஓல்டு’ என்றே படிக்க வேண்டும்.

அடுத்த தவறு கொஞ்சம் நம்ம வீட்டுத் தவறு. ‘தோல்’ என்றால் துன்பப்படுதல், நம்மிடம் ‘தொல்லை’ இருக்கிறது, ஆக ஆங்கிலேயன் இங்கிருந்துதான் எடுத்துப்போனான் என்று ஒருவர் தொடங்கினால் போதும், வாட்ஸாப்பில் அது ஊர்வலம் போகும். ஒலி ஒத்துப்போவது உறவுக்குச் சான்று ஆகாது. இந்தச் சொல்லின் சொந்தபந்தங்கள் தெளிவாகத் தெரிந்தவர்கள்: பழைய நார்ஸில் ‘தோலா’, காத்திக்கில் ‘துலன்’, ஜெர்மனில் ‘டுல்டன்’, டேனிஷில் ‘டோலெ’. லத்தீனின் ‘டொலெராரே’ தூரத்துப் பங்காளி. லத்தீனில் ‘ட்’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘த்’ வருவது வழக்கம்; லத்தீன் ‘ட்ரேஸ்’ ஆங்கிலத்தில் ‘த்ரீ’ ஆனது அப்படித்தான்.

அதனால் ‘தோல்’ என்பது ‘டாலரேட்’ என்பதன் கொச்சை வடிவம் என்று சொல்வதும் தவறு. ‘டாலரேட்’ ஆங்கிலத்துக்குள் வந்தது 16ஆம் நூற்றாண்டில். ‘தோல்’ அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்குள் இருந்தது.

தமிழோடு உறவு வேண்டுமென்றே தேடுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல் பரிசு உண்டு. இந்த வேருக்குத் தூக்குதல், சுமத்தல் என்பது ஆதிப்பொருள். சம்ஸ்கிருதத்தில் எடை தூக்கும் தராசான ‘துலா’ அதே வேரில் கிளைத்தது என்பது மொழியியலாளர் கணக்கு. அந்தத் துலாதான் நம் பஞ்சாங்கத்தில் துலாம் ராசியாகவும், கோயிலில் துலாபாரமாகவும் உட்கார்ந்திருக்கிறது. வாழைப்பழத்துக்கு எதிர்த்தட்டில் உட்காரும் குழந்தைக்கும் பர்ன்ஸின் எலிக்கும் அந்த அளவுக்குச் சொந்தம். (தமிழிலும் ‘தூக்கு’ என்றால் எடையும்தான். அது தனிக் கதை.)

இனி பொருளுக்கு வருவோம், சறுக்கல் மிகுதி இங்கேதான். ‘பொறுத்துக்கொள்’ என்று நாம் இன்று சொல்லும்போது அதில் ஒரு பெரியமனிதத்தனம் கலந்திருக்கிறது. மன்னிப்பது, விட்டுக்கொடுப்பது, கொஞ்சம் காத்திருப்பது எல்லாம் அதற்குள் வரும். ‘தோல்’ என்பதில் அந்த வாசனை இல்லை. தப்பிக்க வழியிருப்பவன் ‘தோல்’ செய்யமாட்டான். தலையில் விழுந்ததை, இறக்கி வைக்க இடமில்லாமல், சுமந்து தீர்ப்பதுதான் அது. நம் ‘படு’ என்ற சின்ன வினைதான் இதற்கு மிக அருகில் வருகிறது: பட்டான், பாடுபட்டான், பட்டுத்தான் ஆகணும்.

பழைய ஆங்கிலக் கவிஞர்களில் ஒருவரான சாசரின் காண்டர்பரி கதைகளில் ஒரு வண்டிக்காரன் வருகிறான். வைக்கோல் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. குதிரைகளைத் திட்டித் தீர்க்கிறான்: உங்களோடு நான் எவ்வளவு பாடு ‘தோல்’ செய்தேன்! இதை “எவ்வளவு துயரத்தைச் சகித்துக்கொண்டேன்” என்று எழுதினால் வண்டிக்காரன் சட்டென்று பேராசிரியர் ஆகிவிடுவான். “உங்களோட நான் பட்ட பாடு!” அவ்வளவுதான். இதே வரி இன்னொரு தவறையும் திருத்துகிறது. சாசர் 14ஆம் நூற்றாண்டு லண்டன்காரர். ஆக, இது பிறந்ததிலிருந்தே வடக்கத்திச் சொல் என்பது சரியில்லை. தெற்கில் வழக்கு ஒழிந்தது, வடக்கில் நின்றது.

ஆனால் ‘படு’ என்ற ஒன்றையே எல்லா இடத்திலும் ஒட்டிவிட முடியாது. இன்று ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இந்தச் சொல் பெரும்பாலும் ‘முடியாது’ என்பதோடு சேர்ந்து வரும். ‘ஐ கேன்னே தோல் ஹிம்’ என்று ஒருவர் சொன்னால், “அவனை என்னால் தாங்கிக்கொள்ள இயலவில்லை” என்று எழுத வேண்டாம். அவன் ஏதோ செத்துப்போனவன் மாதிரி ஆகிவிடும். “எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது” என்று எழுதுங்கள். பல்வலிக்கு ‘பொறுக்க முடியல’ பொருந்தும். குளிருக்கு ‘தாங்கல’. என்னைக் கேட்டால், இந்த வினைக்கு ஒரே தமிழ்ச் சொல் தேடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை.

இலக்கணத்தில் சிக்கல் அதிகமில்லை. ஒரு பழக்கம் மட்டும் கையைப் பிடித்து இழுக்கும்: ‘புட் அப் வித்’ என்று எழுதிப் பழகியவர்கள் இதற்கும் ஒரு ‘வித்’ ஒட்டுகிறார்கள். வேண்டாம். செயப்படுபொருள் நேரே வரும்; இல்லாமலும் தனியே நிற்கும்.

சட்டத்தாள் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ‘தோல்ட் அசைஸ்’ என்று ஒரு தொடர் உண்டு. தண்டனையை அனுபவித்து முடித்தவர் என்று பொருள்கொள்ளத் தோன்றும். அப்படி இல்லை. விசாரணைக்கு ஆட்பட்டு முடித்தவர் என்றே பொருள். விடுதலையானவருக்கும் அது பொருந்தும். ஒருமுறை விசாரணையைப் பட்டுத் தீர்த்தவரை அதே குற்றத்துக்கு மறுபடி கூண்டில் ஏற்றக்கூடாது என்பது அங்கே நெடுங்கால விதி. 2011இல் வந்த சட்டம் அதற்குச் சில விலக்குகளைத் தந்தது. 1977இல் நடந்த ‘வேர்ல்ட்ஸ் எண்ட்’ கொலை வழக்கில், 2007 விசாரணையில் விடுபட்ட ஆங்கஸ் சின்க்ளேர் 2014இல் மறுபடி விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டது அந்த விலக்கின்படிதான். இந்தச் செய்திகளில் ‘தோல்’ வந்தால் எலியை மறந்துவிடுங்கள்.

படகுக்கதைகளில் வரும் ‘தோல்’ முற்றிலும் வேறு. படகின் விளிம்பில் துடுப்பு நழுவாமலிருக்கச் செருகும் முளைக்குச்சி அது. துடுப்பின் இழுப்பைத் தாங்குவதால் அந்தப் பெயர் என்று அழகாக விளக்கம் சொல்வார்கள். அழகுதான், உண்மையில்லை. இரண்டும் வேறு வேறு வேர்.

அகராதியில் ‘வழக்கொழிந்தது’ என்ற குறிப்பைப் பார்த்துச் சொல்லுக்குக் காரியம் பண்ணிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் 2011 கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்று சொன்னார்கள். அதை வெறும் கொச்சை ஆங்கிலம் என்று அவர்கள் முன்னால் சொல்லிப் பாருங்கள், தெரியும். அதற்காக அலுவலக மின்னஞ்சலில் இந்தச் சொல்லைப் போட்டுப் புலமை காட்டவும் வேண்டாம். லண்டன் மேலாளர் எழுத்துப்பிழை என்றுதான் நினைப்பார்.

ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனி ‘பேவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்தை மொழிபெயர்த்து 1999இல் வெளியிட்டார். ‘தோலியன்’ என்ற சொல்லை அகராதியில் பார்த்தபோது முதலில் அவருக்கும் அந்நியமாகத்தான் இருந்திருக்கிறது. பிறகுதான் பொறி தட்டியது: வட அயர்லாந்தின் டெரியில், அவர் வளர்ந்த ஊர்ப்பக்கத்தில் இது புழங்கிய சொல். எதிர்பாராத சாவு விழுந்த குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர்கள் ‘தோல்’ செய்யக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்பாராம் அவருடைய அத்தை. இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்கு, அங்கிருந்து குடியேறிகளோடு அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டருக்கு, அவர்களிடமிருந்து முன்பு ஐரிஷ் பேசிய குடும்பங்களின் வாய்க்கு என்று சொல் நடந்துவந்த வழியை முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்த அத்தையின் வாக்கியத்தை ஐந்தாறு விதமாக எழுதி அடித்துவிட்டேன். ‘சகிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்பது மேடைப்பேச்சு. ‘பொறுமையாக இருக்கணும்’ என்றால் சாவு வீட்டில் அடி விழும். கடைசியில் தாளில் நின்றது இது: “என்ன பண்றது, பட்டுத் தேறி வரணும் அவங்க.”