எட்டுப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கதை: சோகச் சித்திரக்கதை செய்யும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில் இருப்பவர்களுக்குக் கதைப் பஞ்சமே கிடையாது. பால்மரம் என்று நாம் சொல்லும் ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டார்கள். இதையெல்லாம் சிறுகதையாக நிறையப் படித்திருக்கிறோம், சித்திரக்கதையாகப் பார்த்ததுதான் குறைவு. அந்தக் குறையை நாமே தீர்க்கலாம். ஏ4 தாளும் இரண்டு கறுப்புப் பேனாவும் போதும். ஓவியம் கற்றிருக்க வேண்டியதில்லை, முதல் பக்கத்தில் வந்த ஆளை ஐந்தாம் பக்கத்தில் அடையாளம் தெரிந்தால் சரி.

எட்டுப் பக்கம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் 1957-ல் யோஷிஹிரோ தத்சுமி என்ற ஓவியர், பெரியவர்களுக்கான சித்திரக்கதைகளுக்குக் ‘கெகிகா’ என்று பேர் வைத்தார். தொழிலாளிகள், தனிமையில் வாழ்பவர்கள் என்று சாதாரண மனிதர்களின் துயரத்தை அவர் பிற்பாடு வரைந்த கதைகளில் பலவும் எட்டே பக்கம்தான். இரண்டு ஏ4 தாளை மடித்தாலும் எட்டுப் பக்கம் வரும். தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை.

படி 1: ஒரு பொருளைப் பிடியுங்கள்

“தோட்டம் அழிந்த சோகம்” என்று ஆரம்பித்தால் கதை நகராது. ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, பால் வெட்டும் உளி, துருப்பிடித்த சைக்கிள், கோயில் மணி, இப்படிக் கையில் எடுக்கக்கூடிய ஒன்றில் ஆரம்பியுங்கள். நான் எடுத்துக்கொண்டது மங்கு. வேலையை விட்டு வெகுகாலமான ஒரு பாட்டி, அடுக்குமாடி வீட்டில் பேரனோடு இருக்கிறார். இன்னமும் விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போக வேண்டிய நேரம், ஆனால் போக இடமில்லை. பழைய மங்கு ஒன்றில் குருவிக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறார். கதை இவ்வளவுதான்.

படி 2: எழுதுங்கள், பிறகு வெட்டுங்கள்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. “பாட்டி, ஏன் இவ்வளவு சீக்கிரம் எழுந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்று பேரன் கேட்டால், அந்தக் கடைசிச் சொல் ஒன்றே பேச்சுக் குமிழைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எழுத்தைச் சிறிதாக்கினால் பாட்டி வயதில் இருப்பவர்களால் படிக்க முடியாது. குமிழைப் பெரிதாக்கினால் முகம் மறைந்துபோகும்.

வழி ஒன்றுதான்: வீட்டில் எப்படிப் பேசுவோமோ அப்படி எழுதுவது.

“பாட்டி, மணி நாலுதான்.”

இதற்குப் பாட்டி என்ன சொல்வார்? முதலில் நான் எழுதியது: “நாற்பது வருசம் பழகின உடம்பு, தூங்க மாட்டேங்குது.” பிறகு அதை எடுத்துவிட்டு, “நீ படுய்யா” என்று மட்டும் வைத்தேன். அப்போதுதான் கதை நெஞ்சைத் தொட்டது. முதல் பதில் வாசகருக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது, அவர் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. இரண்டாவதில் பாட்டி தன் வருத்தத்தை விட்டுவிட்டுப் பேரனின் தூக்கத்தைப் பற்றி யோசிக்கிறார். இடம் போதாமல் வெட்டிய சொல்தான் சோகத்தையே கொண்டுவந்தது. ஆகவே குமிழுக்கு மூன்று வரி, வரிக்கு மூன்று சொல் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டத்தின் மேலே பெட்டி போட்டு “அவள் மனம் கனத்தது” என்று எழுதவே எழுதாதீர்கள். கண்ணீர்த் துளியும் வேண்டாம். மங்கு அந்த வேலையைச் செய்யும்.

படி 3: எழுத்து முதலில், படம் அப்புறம்

கட்டம் போட்டதும் பென்சிலால் வசனத்தை எழுதி, அதைச் சுற்றிக் குமிழை வரையுங்கள். மீதி இடத்தில்தான் ஆட்கள். ஏ4-ல் வரைந்து 71 சதவீதமாகச் சுருக்கினால் ஏ5 ஆகும். 5 மில்லிமீட்டர் உயர எழுத்து அப்போது மூன்றரை மில்லிமீட்டராக நிற்கும், அதற்குக் கீழே போகாதீர்கள். சொல்லை உடைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தே அழகு என்பது என் கட்சி. கணினிதான் வசதி என்பவர்கள் இன்க்ஸ்கேப் பயன்படுத்தலாம். இலவசம், ஒருங்குறித் தமிழும் ஒழுங்காக வரும். எழுத்துருவில் எனக்குப் பிடித்தது ‘கவிவனர்’, கையால் எழுதியது போலச் சற்றுச் சாய்ந்திருக்கும். தமிழைக் கணினியில் தட்டுவதற்கு முரசு அஞ்சலைத் தந்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். அந்த வசதி கையில் இருக்கும்போது வசனத்தை ரோமன் எழுத்தில் அடித்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

படி 4: வரைதல்

பிக்மா மைக்ரான் பேனாவில் 05 ஆளுக்கும் பொருளுக்கும், 01 முக ரேகைக்கும் பின்னணிக்கும். பென்சில் சாயலை நம்ப வேண்டாம், நகல் இயந்திரம் அதை விழுங்கிவிடும். இருட்டு வேண்டுமானால் கறுப்பாகவே நிரப்புங்கள்.

பால்மரம் வரைவோர் கவனிக்க: பால் எடுக்கப் பட்டையில் போடும் வெட்டுக்கோடு இடது மேலிருந்து வலது கீழாக, சுமார் 30 பாகை சாய்வில் இறங்கும். அதன் அடிமுனையில் பால் வடியும் தகடு, அதற்குக் கீழே கம்பியில் மங்கு. திசையை மாற்றிப் போட்டால், பால்மரம் சீவிய கைக்கு உடனே தெரிந்துவிடும். அவர்களுக்காகத்தானே வரைகிறோம்!

படி 5: பக்க வரிசை

ஏ4-ஐ அகலவாக்கில் வைத்துக்கொண்டு, சுருக்கிய பக்கங்களை ஒரு புறத்துக்கு இரண்டாக அடுக்கிப் பாருங்கள். முதல் தாளின் முன்புறம் இடமிருந்து வலமாக 8, 1. பின்புறம் 2, 7. இரண்டாம் தாளில் 6, 3. அதன் பின்புறம் 4, 5. இரண்டாம் தாள் உள்ளே வரும்படி நடுவில் மடித்து இரண்டு ஸ்டேப்ளர் கம்பி அடித்தால் புத்தகம் தயார்.

இந்த வரிசை கதையையும் தீர்மானிக்கிறது. 6-ம் 7-ம் புத்தகத்தை விரித்தால் ஒன்றாகத் தெரியும் என்பதால், 7-ல் வைத்ததைக் கண் முன்கூட்டியே பார்த்துவிடும். முக்கியமான படத்தைத் தாள் திருப்பினால் தெரிகிற 4, 6, 8 ஆகிய பக்கங்களில் வையுங்கள். மங்கை எட்டாம் பக்கத்தில், வசனமே இல்லாமல் வைத்தேன்.

பின்சேர்க்கை: செய்து பார்த்த சிலருக்குப் பின்பக்கம் தலைகீழாக வந்திருக்கிறது. நகல் கடையில் இருபக்க அச்சு கேட்கும்போது, தாளைக் குட்டையான ஓரமாகத் திருப்பச் சொல்லுங்கள், நீள ஓரம் வேண்டாம். பழைய போட்டோஷாப்பில் ‘கொ’ உடைந்து கொம்பு தனியே போகிறது என்றும் எழுதியிருந்தார்கள். எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வுக்கு மாற்றிவிட்டு, மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகும். எதற்கும் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து மடித்துப் பார்த்துவிட்டு, மீதியை அடியுங்கள்.