குடியை விட்ட பிறகு ஆறு மணிக்கு எங்கே போவது? நான் செய்த தவறுகள்

கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கீழே ஒரு தாமரைக் குளம் உண்டு. பக்கத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். மதுரையிலிருந்து பைக்கில் அரை மணி நேரம். பத்து வருடத்துக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் செட்டு அந்தப் பக்கம்தான் ஒதுங்கும். ஆளுக்கொரு குவார்ட்டர், தண்ணி பாக்கெட், மிக்சர், மாங்காய்க் கீற்று. படியேறினால் வந்துவிடும் பாறையில், ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால்தானே தெரியும்.

2019-ல் குடியை நிறுத்தினேன். நிறுத்துவது எப்படி என்று சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. நிறுத்தியவன் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவான் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சிலைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த ஆறு மணியைத் தாண்டினேன். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை, எல்லாத் தப்பையும் செய்துவிட்டுத்தான் தாண்டினேன். அந்தத் தப்புகளைத்தான் எழுதுகிறேன்.

உயிரை எடுக்கக்கூடிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பெயர் வீராப்பு. தினமும் அதிகமாகக் குடிக்கிறவர், "நாளையிலேர்ந்து தொட மாட்டேன்" என்று வீட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியும், காதில் பேச்சு கேட்கும். வீட்டில் உள்ளவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கக் கிளம்புவார்கள். அது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம். மருத்துவர் கண்காணிப்பில், நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை கொடுத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, படிப்படியாக இறக்குவார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

வீட்டுக்காரர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு: குழம்பில் மாத்திரை கலப்பது. "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற போஸ்டரைச் சுவரில் பார்க்காதவர் இருக்க முடியாது. அப்படியொரு போஸ்டரை நானே டிசைன் செய்து கொடுத்திருக்கிறேன், அன்றைக்கு நல்ல போதையில்தான் இருந்தேன். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். உயிருக்கே ஆபத்தாகலாம். குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் சொல்லிச் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. ரசத்தில் கரைப்பதற்கு அது பெருங்காயம் இல்லை.

அப்புறம் ஐயப்ப மாலை. கார்த்திகை பிறந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் சாமிதான். நானும் ஏழு வருடம் மாலை போட்டேன். மண்டலம் முழுக்க ஒரு சொட்டு தொட்டதில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கு ராத்திரியே பிடித்தது பிடித்தபடி. மாலையைக் குறை சொல்லவில்லை. அந்த நாட்களில் ஈரலுக்காவது ஓய்வு கிடைத்தது. ஆனால் அதை நான் லீவு மாதிரி வைத்திருந்தேன். முடியும் தேதி தெரிந்த மனசு, முதல் நாளிலிருந்தே அந்தத் தேதியை எண்ண ஆரம்பித்துவிடுகிறது. பாண்டி கோயிலில் செய்த சத்தியமும் கையில் கட்டிய கயிறும் என் விஷயத்தில் அப்படித்தான் முடிந்தன. கயிறு அறுந்ததும் "சாமியே விட்டுட்டாரு" என்று சொன்னவன் நான்.

சரி, நிறுத்தியாகிவிட்டது. ஆறு மணி அடிக்கிறது. கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. இங்கே பெரும்பாலோர் செய்யும் தப்பு, அந்த நேரத்தைச் சும்மா விடுவது. நான் முதல் மாதம் விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா குடித்தேன். குடியை விட்டவனுக்கு இனிப்பு ஆசை வருவது சகஜம்தான், ஆனால் நான் ஒரு நாளைக்கு இரண்டு குடித்தேன். பேன்ட் எல்லாம் இறுகிவிட்டது. வீட்டில் பார்த்துவிட்டு, "கோயிலுக்காவது போயிட்டு வாங்களேன்" என்றாள்.

பக்தி ஒன்றும் பொங்கவில்லை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், அவ்வளவுதான். 2018-ல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்துவிட்டுப் போனால் கையும் கண்ணும் சும்மாத்தான் இருக்கும். சுவாமி சன்னதிக்கு முன்னால் கம்பத்தடி மண்டபம். அங்கே ஒரு தூணில் மீனாட்சி கல்யாணம் செதுக்கியிருக்கிறது. எல்லாரும் காலண்டரில் பார்த்தது. நான் போய் நின்றேன். ஒன்றுமே தோன்றவில்லை. கல் கல்லாகத்தான் இருந்தது. குடியோடு சேர்த்து என்னிடமிருந்த ரசனையும் போய்விட்டது, இனிமேல் வாழ்க்கை இப்படிச் சப்பென்றுதான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். வருடக்கணக்கில் சாராயத்தில் ஊறிய மூளை, சாராயம் தருகிற அளவுக்கு வந்தால்தான் இன்பம் என்று பழகியிருக்கும். சின்னச் சின்ன விஷயங்களுக்கு அது அசையாது. பாட்டு, சாப்பாடு, பிள்ளையின் சிரிப்பு எல்லாமே தண்ணீர் ஊற்றிய மோர் மாதிரி இருக்கும். இது பல வாரம் நீடிக்கும், சிலருக்குப் பல மாதம்கூட ஆகும். பிறகு மெதுவாகத் திரும்பும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், "இப்படி உயிரோட இருக்கதுக்குக் குடிச்சே சாகலாம்" என்று திரும்பப் போனவர்களை எனக்குத் தெரியும். முதல் ஆறு மாதத்தில் எது அழகு, எது அழகில்லை என்று தீர்ப்பு எழுதாதீர்கள். போய் நின்றுவிட்டு மட்டும் வாருங்கள்.

எனக்கு எத்தனையாவது தடவை என்று நினைவில்லை, ஒரு மழை நாள். கூட்டம் குறைவு. நடுவில் மீனாட்சி, ஒரு பக்கம் சொக்கநாதர், இன்னொரு பக்கம் தங்கையைத் தாரை வார்க்கும் பெருமாள். நான் போர்டு எழுதிப் பிழைத்தவன், எதைப் பார்த்தாலும் கோடுதான் முதலில் கண்ணில் படும். பெருமாளின் கெண்டியில் கண்ணை வைத்தால், அது தானாக வழுக்கிக் கீழே இறங்கி, இரண்டு கையும் சேருகிற இடத்தில் போய் நிற்கிறது. அங்கிருந்து மேலே ஏறினால் மீனாட்சியின் முகம். தலையை லேசாகக் குனிந்திருக்கிறாள். முழுதாகக் குனியவில்லை, பாண்டிய நாட்டை ஆண்டவள் அல்லவா. வெட்கமும் ராஜ மிடுக்கும் ஒரே கழுத்தில் எப்படி வந்தது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். செக்யூரிட்டி வந்து, "அண்ணே, நடை சாத்தப் போறாங்க" என்றார். வெளியே வந்து போனை வாங்கியபோதுதான் நேரத்தைப் பார்த்தேன். ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணி மூன்றும் எனக்குத் தெரியாமலே போயிருந்தன.

அந்த வாரமே அடுத்த தப்பைச் செய்தேன். குடிகாரப் புத்தி, நல்லது என்றால் உடனே நிறைய வேண்டும். வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் அழகர்கோயில் வசந்த மண்டப ஓவியம், ஆனைமலையில் 8-ஆம் நூற்றாண்டு நரசிங்கர் குடைவரை, திருப்பரங்குன்றம் என்று வெயிலோடு வெயிலாகச் சுற்றினேன். ஒவ்வொன்றையும் நூறு போட்டோ எடுத்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. அழகர்கோயில் மண்டபத்து விதானத்தில் நாயக்கர் காலத்து ராமாயணம் முழுக்க ஓடுகிறது, ஆனால் எனக்கு நினைவில் இருப்பது கழுத்து வலி மட்டும்தான். திரும்பி வரும்போது பசி, களைப்பு, எரிச்சல், கூட யாருமில்லை. ஒயின்ஷாப் போர்டைப் பார்த்ததும் பைக் தானாக ஓரம் கட்டியது. அன்றைக்குத் தப்பித்ததற்குக் காரணம் கலையும் இல்லை, மன உறுதியும் இல்லை. பக்கத்தில் இருந்த பரோட்டாக் கடையில் முதலில் உட்கார்ந்துவிட்டேன். நாலு பரோட்டா உள்ளே போனதும் ஆசை அடங்கிவிட்டது. பசி, கோபம், தனிமை, களைப்பு: இந்த நாலில் எதுவும் முற்ற விடக் கூடாது என்று, குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டத்தில் பிறகு சொல்லிக் கேட்டேன்.

சிலைக்கு முன்னால் கிக்கைத் தேடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒரு நாளைக்கு ஒரு தூண் போதும். ஆயிரங்கால் மண்டபம் என்கிறோம், தூண்கள் 985 என்கிறார்கள். ஆளுக்கு மூன்று வருடத்துக்கு வேலை இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஓடும் பொய் ஒன்று உண்டு, ஆர்ட்டிஸ்ட் என்றால் குடிக்க வேண்டும் என்று. நானும் நம்பினேன், ஏனென்றால் கண்ணெதிரே நிரூபணம் இருந்தது. காலையில் பிரஷ்ஷைப் பிடித்தால் கை நடுங்கும். 'ழ' போடும்போது கடைசிச் சுழி கோணிக்கொண்டு போகும். ஒரு கட்டிங் போட்டால் கை நின்றுவிடும், சுழி வழுக்கிக்கொண்டு வரும். கடை திறப்பது பன்னிரண்டு மணிக்கு என்பதால் காலை வேலையை எல்லாம் மத்தியானத்துக்குத் தள்ளுவேன், இல்லாவிட்டால் பிளாக்கில் கூடக் காசு கொடுத்து வாங்குவேன். குடி என் கையை நிறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடுக்கத்தைக் கொடுத்ததே முந்தின ராத்திரிக் குடி இறங்கியதுதான் என்று மருத்துவர் சொல்லும்வரை மண்டையில் ஏறவில்லை.

நிறுத்திய பிறகு விளாச்சேரியில் ஒரு பாட்டி கொலு பொம்மைக்குக் கண் எழுதுவதைப் பார்த்தேன். எழுபது வயது இருக்கும். வாயில் வெற்றிலை. மயிர் போன்ற பிரஷ், ஒரே இழுப்பு, இமை. அடுத்த பொம்மை. "பாட்டி, கை நடுங்கலையா?" என்றேன். "மூச்சை விட்டுக்கிட்டே இழுத்தா எப்படிப்பா நடுங்கும்?" என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே 'ழ' போட்டுப் பார்த்தேன். வருகிறது. பிளக்ஸ் வந்த பிறகு போர்டு எழுத யாரும் கூப்பிடுவதில்லை, ஆனாலும் தினமும் பத்து 'ழ' போடுகிறேன்.

கிடா வெட்டைப் பற்றிச் சொல்லாமல் மதுரைக்காரன் குடியைப் பற்றி எழுத முடியாது. பந்தி நடக்கும், பின்னால் வேனுக்குள் பாட்டில் இருக்கும். "மாப்ள, ஒரு கட்டிங் மட்டும்." நான் சொன்ன பொய், "மாத்திரை சாப்பிடுறேன் பங்காளி." மாத்திரை எத்தனை நாளைக்கு? அடுத்த விசேஷத்தில், "என்ன, கோர்ஸ் முடிஞ்சிருச்சா?" என்று நிற்பார்கள். விட்டுவிட்டேன் என்று ஒரு தடவை நேராகச் சொல்லிவிடுவது மேல். நாலு பேர் சிரிப்பார்கள், ஐந்தாவது ஆள் தனியாக வந்து, "எப்படி விட்டே?" என்று கேட்பார். அவரிடம் பிரசங்கம் வைக்காதீர்கள். ஏ.ஏ. கூட்டம் எங்கே என்று மட்டும் சொல்லுங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது, தமிழிலும் கூட்டம் நடக்கிறது. கட்டணம் கிடையாது. விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும்.

ஒரு நாள் சறுக்கிவிட்டால் எல்லாம் போச்சு என்று மாதம் முழுக்கக் குடிப்பதும் தப்புதான். நான் நாலாவது மாதம் சறுக்கினேன். மறுநாள் காலையே கூட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். யாரும் திட்டவில்லை, டீ கொடுத்தார்கள்.

வீட்டில் உடனே நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது கடைசித் தப்பு. கோயிலில் எட்டரை மணிவரை சிலை பார்த்தேன் என்று சொன்னால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? ஒரு வருடம்வரை வாசலிலேயே "ஊதுங்க" என்பாள். ஊதுவேன். முதலில் கோபம் வந்தது. பதினாறு வருடம் பொய் சொன்னவனுக்கு ஒரு வருட ஊதல் அதிகமில்லை என்று பிறகு தோன்றியது. ஒரு நாள் ஊதப் போனேன், "சாப்பாடு ஆறுது, வாங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

சமணர் மலைக்கு என்னைத் திரும்பக் கூட்டிப்போனது மகள். பள்ளிக்கூடத்திலிருந்து போய் வந்தவள், "அப்பா, அங்க சிங்கத்து மேல ஒரு அம்மா இருக்குப்பா. நீங்கதான் அடிக்கடி போவீங்கள்ல, பாத்திருக்கீங்களா?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம்.

மலையில் செட்டிப்புடவு என்கிற குகைக்கு உள்ளே நிமிர்ந்து பார்த்தால் அவள் சொன்ன அம்மா இருக்கிறாள், இயக்கி என்கிற சமணப் பெண் தெய்வம். சிங்கத்தின் மேல் இருந்துகொண்டு, யானையில் வருகிறவனோடு சண்டை போடுகிறாள். பக்கத்தில் தீர்த்தங்கரர்கள் எந்தச் சலனமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே வட்டெழுத்து. பேச்சிப்பள்ளத்துக்கு இன்னொரு பக்கம் ஏற வேண்டும். அங்கே வரிசையில் பாகுபலி நிற்கிறார், கொடி காலைச் சுற்றிப் படரும்வரை அசையாமல் தவத்தில் நின்றவர். "இவருக்குக் கால் வலிக்காதா?" என்று மகள் கேட்டாள். வலித்திருக்கும் என்றேன். மேலிருந்து குளமும் ஆலமரமும் நாங்கள் உட்காருகிற இடமும் தெரிந்தன. வீட்டில் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

போகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், கண்ணாடிச் சில்லு கிடக்கும். அதில் சிலது நான் போட்டதாகவும் இருக்கலாம்.