ஸ்காராப், செரிஸ் கதிர்வீச்சு அளவீடுகளை ஒப்பிடும் முறை

2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சுச் செயற்கைக்கோளான மேகா-ட்ராபிக்ஸில் இருந்த ஸ்காராப், நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள செரிஸ் ஆகிய இரு கருவிகளும் பூமியிலிருந்து வெளியேறும் கதிர்வீச்சை அளந்தவை. அவற்றை ஒப்பிட முற்படுவோர், எல்லாத் திசைகளிலும் வெளியேறும் மொத்தக் கதிர்வீச்சைச் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் எனத் தரும் பாய மதிப்புகளை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். பாயம் நேரடியாக அளக்கப்படுவதன்று. ஒரு திசையில் அளந்ததை வைத்து மற்றத் திசைகளில் எவ்வளவு வெளியேறும் என்று மதிப்பிடும் கோணப் பரவல் மாதிரியைக் கொண்டு கணக்கிடப்படுவது. எனவே அதில் தெரியும் வேறுபாடு கருவியால் வந்ததா, மாதிரியால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. ஒரு திசையில் வந்த கதிர்ச்செறிவையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்காராபின் சூரிய அலைவரிசை 0.2 முதல் 4 மைக்ரான் வரையும் செரிஸின் குற்றலை (பூமி பிரதிபலிக்கும் சூரிய ஒளி) வரிசை 0.3 முதல் 5 மைக்ரான் வரையும் அமைந்திருப்பதால், அதுவும் குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் உள்ளே விடும் வடிப்பானின் விளைவு நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

அடுத்து நேரமும் இடமும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நகரும் மேகம் ஐந்து நிமிடத்தில் 3 கிலோமீட்டர் நகர்ந்துவிடும்; கால் மணி நேரத்தில் 9 கிலோமீட்டர். ஆகவே குற்றலைக்கு ஐந்து நிமிட இடைவெளியைத் தாண்டாதிருப்பது நல்லது. நேர்கீழ்ப் பார்வையில் செரிஸ் காணும் பரப்பின் அகலம் சுமார் 20 கிலோமீட்டர், ஸ்காராபுடையது 40. ஆதலால் பெரிய பரப்புக்குள் விழும் செரிஸ் அளவீடுகள் அனைத்தையும் சராசரியாக்கிய பின்பே ஸ்காராப் அளவீட்டுடன் இணை சேர்க்க வேண்டும்.

பலர் தடுமாறுவது கோணத்தில்தான். உச்சிக்கோணத்துக்கு (பார்வைக் கோடு செங்குத்திலிருந்து சாயும் அளவு) ஒரு வரம்பு, திசைவில்லுக்கு (அது கிடைமட்டத்தில் நோக்கும் திசை) ஒரு வரம்பு என்று தனித்தனியே வைத்தால் நல்ல இணைகள் பல வீணாகும்: இரு கருவிகளும் 2 பாகை உச்சிக்கோணத்தில் எதிரெதிர்த் திசைகளிலிருந்து பார்த்தால் திசைவில் வேறுபாடு 180 பாகை, ஆனால் பார்வைக் கோடுகளுக்கு இடைப்பட்ட கோணம் வெறும் 4 பாகை. அந்த இடைக்கோணத்தையே கணக்கிட்டு வரம்பு வைப்பது மேல். கடலில் சூரியன் பளிச்சிடும் பகுதியைத் தயங்காமல் நீக்கிவிடலாம்.

ஒப்பீட்டை இரவுத் தரவிலிருந்து தொடங்குவது என் பரிந்துரை. பகல்நேர நெட்டலை (பூமி உமிழும் வெப்பக் கதிர்வீச்சு) மதிப்பு, இரண்டையும் சேர்த்து அளக்கும் மொத்த வரிசையிலிருந்து குற்றலைப் பங்கைக் கழித்துப் பெறப்படுவது; இரவில் அந்தக் கழித்தல் இல்லை. இரவில் ஒத்துப்போகும் கருவிகள் பகலில் வேறுபட்டால், குற்றலை வரிசையையோ, மொத்த வரிசையின் குற்றலைப் பகுதியையோ ஐயுற வேண்டும்.

இரு செயற்கைக்கோள்களும் ஓரிடத்தைச் சேர்ந்து கடக்கும் ஒரே கடப்பில் முந்நூறு இணைகள் கிடைத்தாலும், அவை ஒரே வானத்தைப் பார்த்தவை என்பதால் முந்நூறு தனித்தனிச் சான்றுகள் ஆகா. ஒவ்வொரு கடப்பின் சராசரியையும் ஒற்றைத் தரவாகக் கொண்டே பிழை எல்லையைக் கணக்கிட வேண்டும்.