சும்மா இருக்கும் நிரல் 800% காட்டினால்: ஓப்பன்எம்பி த்ரெட்களைச் சோதிக்கும் முறை

எட்டு கோர் கணினியில் நிரல் சும்மா இருக்கிறது; சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளை மட்டும் 800% (ஒரு கோருக்கு 100%) காட்டுகிறது. நிரலின் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துத் தரும் ஓப்பன்எம்பியில் இது பெரும்பாலும் பிழை அல்ல, அதை இயக்கும் ரன்டைம் நூலகத்தின் இயல்பு. பல த்ரெட்கள் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) சேர்ந்து செய்யும் இணைப்பகுதி முடிந்ததும் அவை உடனே உறங்குவதில்லை. அடுத்த வேலை வந்ததா என்று ஒரு மாறியைப் பார்த்துக்கொண்டே சுழல்கின்றன. உறங்கிய த்ரெட்டை இயங்குதளத்தின் மையமான கெர்னல் வழியாக எழுப்ப நேரம் பிடிக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

இன்டெல், எல்எல்விஎம் ரன்டைம்களில் வழக்கமான சுழற்சிக் கெடு, அதாவது உறங்கும் முன் சுழலும் நேரம், 200 மில்லிவிநாடி. ஏமாற்றுவது இந்தக் கெடுதான். 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 5 மில்லிவிநாடி வேலை வருகிறது என்று வையுங்கள். கெடு முடியும் முன்பே அடுத்த வேலை வந்துவிடும். த்ரெட் உறங்கவே உறங்காது. வேலை 5%, டாப் காட்டுவது 100%.

டாப்பில் பெரிய எச் எழுத்தை அழுத்தி த்ரெட் வாரியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் எகிறினால் அது உங்கள் சொந்த லூப்பாக இருக்கலாம். எல்லாமே எகிறினால், அந்தப் பிராசஸ் எண்ணைக் கொடுத்து, எந்த ஃபங்ஷனில் நேரம் போகிறது என்று காட்டும் பெர்ஃப் டாப் ஓட்டுங்கள். கேஎம்பி அல்லது கோம்ப் என்று தொடங்கி, வெயிட், பேரியர் என்ற சொற்கள் உள்ள ஃபங்ஷன்கள் முதலிடத்தில் வந்தால் சுழற்சி உறுதி. ஆனால் ஒரு த்ரெட் உங்கள் ஃபங்ஷனிலும் மற்றவை பேரியரிலும் (எல்லா த்ரெட்களும் வந்து சேரும்வரை காத்திருக்கும் இடம்) இருந்தால் நோய் வேறு: வேலைப் பங்கீடு சமமாக இல்லை. அங்கே லூப்பின் ஷெட்யூலை டைனமிக் (கையிலுள்ளதை முடித்த த்ரெட்டுக்கு அடுத்த பங்கு) ஆக்கிப் பார்க்க வேண்டும். காத்திருப்பு முறையை மாற்றுவது சதவீதத்தை மட்டுமே குறைக்கும்.

சுழற்சிதான் என்றால் ஓஎம்பி_வெயிட்_பாலிசி என்ற சூழல் மாறிக்கு (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு) பாசிவ், அதாவது சுழலாமல் உறங்கு, என்று கொடுங்கள். ஜிசிசி கம்பைலரின் ரன்டைமில், சுழற்சி எண்ணிக்கையைக் குறிக்கும் கோம்ப்_ஸ்பின்கவுண்ட் வழியாக நடுநிலையும் எடுக்கலாம்: வெயிட் பாலிசி எதுவும் தராதபோது அதன் மதிப்பு 3,00,000, பாசிவ் என்றால் 0. இன்டெலில் கேஎம்பி_பிளாக்டைம் 0. இவற்றை நிரல் தொடங்கும் முன்பே வைக்க வேண்டும். பைத்தானில் நம்பை என்ற கணித நூலகத்தை ஏற்றிய பிறகு வைத்துவிட்டு "மாறவே இல்லையே" என்று புலம்புவோர் ஏராளம். ஓஎம்பி_டிஸ்ப்ளே_என்வி மாறியை ட்ரூ ஆக்கினால், ரன்டைம் உண்மையில் எதை எடுத்துக்கொண்டது என்று தொடக்கத்திலேயே அச்சிடும். இரண்டு முறை அச்சிட்டால் இரண்டு ரன்டைம்கள் ஏறியிருக்கின்றன. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பாசிவ் இலவசம் அல்ல. குட்டிக் குட்டி இணைப்பகுதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் மொத்த நேரம் கூடும். முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

நிரலைத் தனித்து அடைத்து ஓட்டும் கன்டெய்னரில் கூடுதல் கவனம் தேவை. 64 கோர் கணினியில் 2 கோர் அளவு கோட்டா (சிபியு நேர வரம்பு) கொடுத்தாலும் ஜிசிசியின் ரன்டைம் 64 த்ரெட்களைத் தொடங்கும். அது பார்ப்பது அஃபினிட்டியை (எந்தெந்தக் கோர்களில் ஓடலாம் என்ற அனுமதி), கோட்டாவை அல்ல. சுழற்சியே கோட்டாவைத் தின்று தீர்த்துவிடும். கோட்டாவை அமல்படுத்தும் சிகுரூப்பின் சிபியு.ஸ்டாட் கோப்பில் த்ராட்டில்ட் (நிறுத்திவைக்கப்பட்ட) எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் மாறியை 2 ஆக்குங்கள்.

பிராசஸ்களுக்கு இடையே செய்தி அனுப்பும் நூலகமான ஓப்பன் எம்பிஐயும் செய்திக்காகக் காத்திருக்கையில் இப்படித்தான் சுழலும். அதில் கோரை மற்றவர்க்கு விட்டுக்கொடுக்கும் யீல்ட் வசதியை இயக்கினாலும் டாப் 100% தான் காட்டும்: விட்டுக்கொடுத்த கோரை வாங்க வேறு யாரும் இல்லையென்றால், அதே பிராசஸுக்கே அது திரும்பி வந்துவிடும்.