பெருந்தோட்ட மாளிகையின் முழு வரலாறு: விளக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மலைமேல் அமைந்துள்ள மாண்டிசெல்லோ, அந்நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சனின் பெருந்தோட்ட மாளிகை. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய அவர், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். இத்தகைய இடங்களைப் பார்வையாளர்களுக்கு விளக்குவோர் செய்யும் பெருந்தவறு, மாளிகைக்கு ஒரு கதை, அடிமைகளுக்கு வேறொரு கதை எனப் பிரித்துவிடுவதாகும். அங்கு அடிமைமுறை குறித்து வழிகாட்டி அழைத்துச் செல்லும் தனிச் சுற்று 1993இல் தொடங்கியது நல்ல மாற்றமே. ஆயினும், ஜெபர்சனின் அடிமையாக இருந்து பாரிஸில் சமையற்கலை பயின்ற ஜேம்ஸ் ஹெமிங்ஸைப் பற்றி உணவறையிலேயே சொல்லாவிட்டால், மாளிகையை மட்டும் பார்த்துச் செல்பவர் அவரை அறியவே மாட்டார்.

தோட்டத்தை அழகுக்காக மட்டும் காட்டுவது அடுத்த தவறு. இது மிகுதியாக நடப்பதாலும், பார்ப்பவருக்கு உறுத்தாமல் போவதாலும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. மாண்டிசெல்லோவின் 1,000 அடி நீளக் காய்கறித் தோட்டம், மலைச்சரிவை அடிமைகள் மண்வெட்டியால் வெட்டிச் சமன்படுத்திய மேடைமேல் அமைந்தது. எந்த விதை எப்போது முளைத்தது என்று ஜெபர்சன் எழுதிவைத்த குறிப்புகளை ஆர்வத்தோடு விளக்கும் வழிகாட்டி, அடிமையாக இருந்த தலைமைத் தோட்டக்காரர் வோர்ம்லி ஹியூஸின் பெயரையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். 1826இல் ஜெபர்சனுக்குக் கல்லறை தோண்டியவர் அவரே. அடுத்த ஜனவரியில் நடந்த ஏலத்தில் ஹியூஸின் மனைவியும் பிள்ளைகளும் விற்கப்பட்டனர். அடிமைகள் தங்களுக்கென வைத்திருந்த சிறு தோட்டங்களையும் விட்டுவிடக் கூடாது. மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவற்றில் பாடுபட்டு, காய்கறிகளையும் தாங்கள் வளர்த்த கோழிகளையும் அவர்கள் மாளிகைக்கே விற்ற கணக்கு, ஜெபர்சனின் பேத்தியின் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது.

லூசியானா மாநிலத்தின் ஓக் ஆலி என்னும் பெருந்தோட்டத்தில் புகழெல்லாம் ஓக் மர வரிசைக்கே போய்விடுகிறது. பெக்கான் என்னும் கொட்டை மரத்தை முதன்முதலில் ஒட்டுக்கட்டி வணிகப் பயிராக்க வழி செய்த அந்துவான், அதே தோட்டத்தில் அடிமையாக இருந்தவர். அவருக்கும் அந்த மரங்களுக்கு நிகரான இடம் தர வேண்டும்.

“இவர் நல்ல எஜமானர்” என்று பார்வையாளரைத் தேற்றுவதும் தவறு. மாண்டிசெல்லோவின் ஆணிப் பட்டறையில் 10 முதல் 16 வயது வரையிலான சிறுவர்கள் வேலை செய்தனர். வேலைக்கு வராத சிறுவர்களுக்குச் சவுக்கடி கொடுத்ததற்குக் கடிதச் சான்று உண்டு. உரிமையாளரின் கணக்கேடு அடிமைகளின் பிறப்பையும் அவர்களுக்கு அளந்து தந்த பொருள்களையும் துல்லியமாகத் தருவதாலேயே அதை முழு உண்மையாகக் கொள்ளலாகாது. அங்கே அடிமையாக வாழ்ந்த ஐசக் கிரேஞ்சர் பின்னாளில் சொல்லிய நினைவுகளையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும்.

உரிமையாளரின் மரணத்தோடு கதையை முடிப்பதும் பிழை. 1834இல் மாண்டிசெல்லோவை வாங்கிய யூரியா லெவி, யூதரான கடற்படை அதிகாரி. சிதைந்துகொண்டிருந்த மாளிகையை அவர் காப்பாற்றினார். அவரும் அங்கே அடிமைகளை வைத்திருந்தார். இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடிமைகளின் வழித்தோன்றல்களிடமிருந்து வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் பணி அங்கே 1993இல் தொடங்கியது. கண்காட்சியின் வாசகங்களை எழுதி முடித்த பிறகு ஒப்புதலுக்காக மட்டும் அவர்களை அழைக்காமல், எந்த அறையில் எதைச் சொல்வது என்று முடிவெடுக்கும் நாளிலேயே அவர்களையும் உடன் அமர்த்த வேண்டும்.