பெற்றோருக்குத் தகவல் சொல்வதில் வகுப்புப் பொறுப்பாசிரியர்கள் செய்யும் தவறுகள்

இந்த ஆண்டு எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்களுக்கு இரண்டாம் ஆண்டு வகுப்புகளின் பொறுப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. இருவரும் நன்றாகப் பாடம் எடுக்கிறார்கள். மாணவர்களுக்கும் அவர்களைப் பிடித்திருக்கிறது. ஆனால் மாணவரின் வீட்டுக்குத் தகவல் சொல்வது என்று வரும்போது, 14 ஆண்டுகளுக்கு முன் இதே பொறுப்பை ஏற்ற நான் செய்த தவறுகளை அவர்களும் அப்படியே செய்வதைக் காண்கிறேன். பெயரை மாற்றிச் சொல்வது, ஒருவரின் மதிப்பெண்ணை இன்னொருவரின் வீட்டுக்கு அனுப்பிவிடுவது போன்றவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் யாரும் அவற்றைத் திருத்திக்கொள்வார்கள். செய்கிறவருக்குத் தவறு என்றே தோன்றாத சிலவற்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அறிந்தது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளின் நடைமுறை. ஆகவே கணக்குகளை அதை வைத்தே சொல்கிறேன்.

குறுஞ்செய்தி போனதைத் தகவல் போனதாக எடுத்துக்கொள்வது

பெரும்பாலான கல்லூரிகளில் காலை முதல் பாடவேளை முடிந்ததும் வராதவர்களின் பட்டியல் கணினியில் ஏறும். பத்தரை மணிக்குள் பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி தானாகவே போய்விடும். எத்தனை போயின, எத்தனை சேர்ந்தன என்ற அறிக்கையும் மாலையில் வந்துவிடும். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நம் கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் இந்த வேலையில் ஆகப் பெரிய தவறு. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கான விலையை ஒரு மாணவன் ஓராண்டு படிப்பாகக் கொடுத்தான்.

அவன் பள்ளிபாளையம் பக்கத்திலிருந்து வந்தவன். தந்தை விசைத்தறித் தொழிலாளி. மகனின் கட்டணத்துக்காகப் பட்டறை முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தவர். மூன்றாம் பருவத்தின் நடுவில் பையன் வகுப்புக்கு வருவது குறையத் தொடங்கியது. கேட்டால் காய்ச்சல் என்பான், உறவினர் வீட்டு விசேஷம் என்பான். வராத ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் குறுஞ்செய்தி போய்க்கொண்டிருந்ததால், வீட்டாருக்குத் தெரிந்துதான் நடக்கிறது என்று நான் இருந்துவிட்டேன். பருவ முடிவில் அவனது வருகை 61 விழுக்காடு. பல்கலைக்கழக விதிப்படி 75 விழுக்காடு இருக்க வேண்டும். 65 முதல் 74 வரை இருந்தால் மருத்துவம் போன்ற தக்க காரணம் காட்டி விலக்குப் பெறலாம். 65க்குக் கீழே போய்விட்டால் பருவத்தேர்வு எழுத முடியாது, அதே பருவத்தை அடுத்த கல்வியாண்டில் மறுபடியும் படிக்க வேண்டும். விலக்குக் கேட்கக்கூட வழியில்லாத இடத்தில் அவன் நின்றான்.

தந்தையை வரச்சொன்னோம். இரவு வேலையை முடித்துவிட்டு, சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்க, காலையிலேயே வந்து துறை வாசலில் நின்றார். “தினமும் தகவல் அனுப்பியிருக்கிறோமே, நீங்கள் ஏன் ஒருநாள்கூடக் கேட்கவில்லை?” என்று நான் அவரைக் கேட்டேன். கேட்டபோது என் குரலில் குற்றம்சாட்டும் தொனி இருந்தது. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். கல்லூரியின் பெயரைச் சுருக்கிய ஆறு ஆங்கில எழுத்துகளிலிருந்து 31 செய்திகள் வந்திருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூடிய உறையின் படம் இருந்தது; ஒன்றுகூடத் திறக்கப்பட்டிருக்கவில்லை. “தினமும் வந்துட்டுத்தானுங்க சார் இருந்துச்சு. பேங்க்ல இருந்து வர்றதுன்னு நெனச்சுட்டனுங்க” என்றார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தறி ஓடும் சத்தத்தில் போன் அடித்தாலே கேட்காது. செய்தி வந்த ஒலி எப்படிக் கேட்கும்?

பையன் எங்கே போனான் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்பா வாங்கிய முன்பணத்தைக் குறைக்க வேண்டும் என்று முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபங்களுக்குப் பந்தி பரிமாறப் போயிருக்கிறான். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு மறுநாளும் எழ முடியாமல் படுத்திருக்கிறான். ஆகஸ்டு மாதம் நான் ஒரே ஒரு முறை அந்தத் தந்தையிடம் நேரில் பேசியிருந்தால், அவர் அன்றைக்கே அதை நிறுத்தியிருப்பார். அவன் தனக்கு இளையவர்களோடு உட்கார்ந்து அதே பருவத்தை மறுபடியும் படித்தான். முன்பணத்தின் மேல் இன்னோர் ஆண்டின் செலவும் ஏறியது.

இதனால்தான், சென்ற மாதம் ஓர் இளம் ஆசிரியர் “மெசேஜ் போயிருக்கு சார், சேர்ந்துவிட்டதாக ரிப்போர்ட்டில் இருக்கிறது” என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அந்த அறிக்கை சொல்வது, செய்தி ஒரு கைபேசியை எட்டியது என்பதை மட்டுமே. அது யாருடைய கைபேசி, வைத்திருப்பவர் படித்தாரா, படித்தால் புரியுமா என்ற மூன்றையும் அது சொல்லாது.

எண்ணிலிருந்தே தொடங்குங்கள். சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் எண் என்று எழுதப்பட்டிருப்பது அண்ணனுடையதாக, சித்தப்பாவுடையதாக, சில வேளைகளில் அறைத்தோழனுடையதாகக்கூட இருக்கும். “நான் அப்பாதான் பேசுறேன்” என்று கனத்த குரலில் என்னிடம் பேசியவர் நான்காம் ஆண்டு மாணவர் என்பதை நான் ஒருமுறை மிகத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். முதலாம் ஆண்டுத் தொடக்க நாளில் பெற்றோர் எதிரில் நிற்கும்போதே அந்த எண்ணுக்கு உங்கள் கைபேசியிலிருந்து அழையுங்கள். அவர் கையில் மணி அடித்ததும் அதை வாங்கி, உங்கள் பெயரைத் தமிழில் பதிந்து கொடுங்கள். இதற்கு ஒருவருக்கு ஒரு நிமிடம் ஆகும். அறுபது பேர் உள்ள வகுப்புக்கு ஒரு மணி நேரம்.

அடுத்தது மொழி. தமிழில் அனுப்பச் சொன்னால், ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள், தமிழில் 70தான், செலவு இரட்டிப்பாகும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். மெய்யெழுத்தின் புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அந்த 70 இன்னும் சுருங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் “உங்கள் மகன் இன்று கல்லூரிக்கு வரவில்லை.” என்ற முழு வாக்கியத்துக்கு இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து 39 இடங்களே ஆகின்றன. மீதியிருக்கும் 31 இடங்களில் மாணவரின் பெயரும் உங்கள் பத்து இலக்க எண்ணும் அடங்கும். வணிகச் செய்திகளின் வாசகத்தைத் தொலைபேசி நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இருப்பதால், வாசகத்தை மாற்றுவதில் சில நாள் அலைச்சல் உண்டு. அந்த அலைச்சலை ஒருமுறை பட்டால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் குறுஞ்செய்தியை நம்பி மட்டும் இருக்காதீர்கள். தொடர்ந்து மூன்று நாள் ஒருவர் வரவில்லையென்றால் நான் வீட்டுக்கு அழைத்துவிடுகிறேன். அப்போது விழுக்காட்டில் பேசுவதில்லை, நாள் கணக்கில்தான் பேசுகிறேன். பருவத்துக்கு 75 வேலை நாள்கள் என்று வைத்துக்கொண்டால், “இதுவரை 11 நாள் வரவில்லை, இனி 7 நாளுக்கு மேல் விட்டால் தேர்வு எழுதுவது சிக்கலாகிவிடும்” என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் விளங்கும். “உங்கள் பையனின் அட்டெண்டன்ஸ் 85 பர்சென்ட்” என்று சொன்னால், பத்தாம் வகுப்பில் 85 மதிப்பெண் எடுத்ததைக் கேட்டது போல மகிழ்ந்துவிட்டு வைத்துவிடுவார்கள். அப்படி மகிழ்ந்தவர்களிடம் நானே பேசியிருக்கிறேன். இன்டர்னல் (கல்லூரிக்குள் போடும் மதிப்பெண்), அரியர் (தேறாமல் நிற்கும் பாடம்), கண்டொனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்கு) ஆகிய சொற்களும் அப்படியே. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையின் வீட்டில், இச்சொற்களுக்குப் பொருள் சொல்லும் ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். அவர் மறைக்க நினைத்தால் எல்லாமே மறைந்துவிடும்.

மாணவருக்குத் தெரியாமல் வீட்டுக்குச் சொல்வது

வீட்டுக்கு அழைப்பதற்கு முன் மாணவரை அழைத்து, என்ன சொல்லப்போகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முடிந்தால், “இன்று இரவுக்குள் நீயே வீட்டில் சொல்லிவிடு, நாளைக் காலை பத்து மணிக்கு நான் பேசுவேன்” என்று ஓர் இரவு அவகாசம் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு பெற்றோரோடு நாம் பேசும் பேச்சு வேறாக இருக்கிறது. மாணவரும் அடுத்த சிக்கலுக்கு நம்மிடமே வருகிறார். முதுகுக்குப் பின்னால் பேசியதாக ஒரு மாணவர் உணர்ந்துவிட்டால், அந்த வகுப்பில் வேறு எவரும் நம்மிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

வீட்டில் அடிக்கிறார்கள், வீட்டுச் சூழலே சிக்கலின் வேர் என்று தெரிந்தால் அழைப்பையே தள்ளிப்போட்டு, துறைத்தலைவரோடும் ஆலோசகரோடும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நினைப்பது

வருகை, மதிப்பெண், உடல்நலம், பாதுகாப்பு, கட்டணம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றைப் பெற்றோர் அறிய வேண்டும். யார் யாரோடு பேசுகிறார், எங்கே தேநீர் குடிக்கிறார் என்பவை இந்தப் பட்டியலில் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் அறிந்த ஓர் ஆசிரியர், ஒரு மாணவி பேருந்து நிறுத்தத்தில் உடன் படிக்கும் பையனோடு பேசிக்கொண்டு நின்றதை நல்லெண்ணத்தோடு அவள் வீட்டில் சொன்னார். அடுத்த திங்கள்கிழமை அவள் வரவில்லை. மாதம் முடிவதற்குள் தந்தை வந்து மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார். அவளுக்கு அரியர் ஒன்றும் இல்லை, வருகையில் குறையும் இல்லை. சோதனைக் கூடத்தில் மற்றவர்கள் சந்தேகம் கேட்கப் போகும் ஆளாக இருந்தவள். நம் ஊரில் சில வீடுகளில் ஒரு பெண்ணின் படிப்பு நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இழையை அறுக்கும் அதிகாரம் வகுப்புப் பொறுப்பாசிரியருக்கு இல்லை. முதலாம் ஆண்டில் 17 வயதில் வருகிறவர்கள் இரண்டாம் ஆண்டுக்குள் 18 வயதைக் கடந்து சட்டப்படி மேஜர் ஆகிவிடுகிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அழைப்பே கெட்ட செய்தியாக இருப்பது

கல்லூரி எண்ணைப் பார்த்ததும் பதறுகிற பெற்றோர், நாம் சொல்வதில் பாதியைக் காதில் வாங்குவதில்லை. வகுப்பு தொடங்கிய முதல் மாதத்துக்குள், ஒரு குறையும் இல்லாதபோதே, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை பேசிவிடுங்கள். விடுதி உணவு ஒத்துக்கொள்கிறதா, பேருந்து நேரம் சரியாக இருக்கிறதா, எந்த நேரத்தில் அழைத்தால் உங்களால் பேச முடியும் என்று கேட்டால் போதும். கடைசிக் கேள்வியின் பதிலைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். காலை பதினொரு மணிக்கு அழைத்துவிட்டு “எடுப்பதே இல்லை” என்று நாம் குறைசொல்லும் தாய், அந்த நேரத்தில் நூறுநாள் வேலைத் தளத்தில் வெயிலில் நின்றுகொண்டிருப்பார்.

அவசரத்தில் “உடனே கிளம்பி வாருங்கள்” என்று மட்டும் சொல்வது

விடுதியில் ஒருவர் மயங்கி விழுந்தாலோ விபத்தில் அடிபட்டாலோ, பேசும் முதல் வாக்கியத்திலேயே அவர் நினைவோடு இருக்கிறாரா, எந்த மருத்துவமனையில் இருக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். முடிந்தால் மாணவரையே இரண்டு வார்த்தை பேச வையுங்கள். ஒன்றும் சொல்லாமல் வரச்சொன்னால், அந்தப் பெற்றோர் ராமநாதபுரத்திலிருந்து ஈரோடு வரை பேருந்தில் எதை எதை நினைத்துக்கொண்டு வருவார்கள் என்பதை எண்ணிப்பாருங்கள். கால் எலும்பு முறிந்த மகனைப் பார்க்க, ஊரார் எட்டுப் பேரோடு வேன் பிடித்து அழுதுகொண்டே வந்த ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன்.

மாணவர் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால், வீட்டார் வந்து சேரும்வரை அவரைத் தனியே விடக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரத்திலும் ஆலோசனை கிடைக்கும். மாணவர் இப்படிப் பேசினார் என்பதை வீட்டாருக்கு ஒருபோதும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாதீர்கள்.

பெற்றோர் குழுவில் மதிப்பெண் பட்டியலைப் போடுவது

செய்யாதீர்கள், ஒருவருடைய மதிப்பெண் அவர் வீட்டுக்கு மட்டுமே உரியது.

அழைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது

குறையைச் சொன்ன வீட்டுக்கு இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் பேசி, நிலைமை எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பேசியதை எழுதி வைக்காதது

தேதி, நேரம், யாரிடம் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார் என்ற நான்கையும் அன்றைக்கே எழுதுங்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வாரத்தில் உட்கார்ந்து, மாணவர் பற்றிய குறிப்புகளை எழுதும் மென்டர் கோப்பை மொத்தமாக நிரப்புகிற பழக்கம், அடுத்த ஆண்டு அந்த வகுப்பை ஏற்கும் ஆசிரியருக்கு எந்த வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்பதைக்கூடச் சொல்லாது.