கைக்குழந்தையோடு வெளிநாடு: வேலூரிலிருந்து குறைந்த செலவில் விமானம் ஏறுவது எப்படி?

என் நாத்தனார் கோலாலம்பூரில் இருக்கிறாள். போன் பேசும்போதெல்லாம் "எப்போ வர்றீங்க அண்ணி?" என்பாள். மகள் கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வளர்ந்தால் செலவும் வளரும் என்று. கடைசியில் 20 மாத மகளையும் யூகேஜி படிக்கும் மகனையும் கூட்டிக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பினோம். முதல்முறை போகிறவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: பிறந்தநாளை முதலில் பாருங்கள்

டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். 2 வயது முடியாத குழந்தைக்குத் தனி சீட் வாங்க வேண்டியதில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயணத்தில் பெரிய விமான நிறுவனங்கள் இதற்குப் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ 10 சதவீதமும் வரியும் வாங்கும். மலிவுக் கட்டண விமானங்களில் ஒரு நிலையான தொகை. 2 வயது முடிந்துவிட்டால் சீட் கட்டாயம். பெரிய நிறுவனங்கள் சில சமயம் சிறுவர் கட்டணம் என்று கொஞ்சம் குறைப்பார்கள். மலிவு விமானத்தில் அனேகமாகப் பெரியவர் விலைதான்.

வயதை டிக்கெட் போடும் நாளில் பார்ப்பதில்லை, பறக்கும் நாளில் பார்க்கிறார்கள். போகும்போது 23 மாதம், திரும்பும்போது 2 வயது முடிந்துவிட்டது என்றால் திரும்பும் பயணத்துக்கு சீட் வாங்கியே ஆக வேண்டும். ஒரு பெரியவருக்கு ஒரு மடிக்குழந்தைதான். இரட்டைக் குழந்தைகளோடு தனியாகப் போகும் அம்மா ஒரு குழந்தைக்கு சீட் போட வேண்டும்.

படி 2: பாஸ்போர்ட், அதிலும் பெயர்

பிறந்து ஒரு மாதமான குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். சென்னைக்கு அலைய வேண்டாம், வேலூரிலேயே தபால் நிலைய பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. சிறுவர் பாஸ்போர்ட் 5 வருடம் செல்லும். அம்மா, அப்பா இருவரும் கையெழுத்துப் போட்ட 'இணைப்பு டி' (Annexure D) என்ற சம்மதப் படிவத்தை எடுத்துப் போங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

4 வயதுக்குக் கீழே என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நீங்களே கொண்டுபோக வேண்டும். ஸ்டுடியோவில் நாற்காலியில் உட்காரவைத்தால் மகள் கேமராவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள். கடைசியில் போட்டோகிராபர் தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, அவளைப் படுக்கவைத்து, ஸ்டூல் மேல் ஏறி நின்று எடுத்தார். என் கணவர் அவர் தோளுக்கு மேலே சாவிக்கொத்தை ஆட்டினார். ஒரே கிளிக்.

இப்போது நம் ஊர்த் தலைவலி: இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து முழுப்பெயராக எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடாமல் அப்பா பெயரைப் போடுங்கள் என்பது என் கருத்து. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவுக்குப் பொதுவாக ஏற்பதில்லை. இன்றைக்கு துபாய் போகும் எண்ணம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் மாமாவோ சித்தப்பாவோ அங்கே இல்லாத குடும்பம் நம் பக்கம் குறைவு.

டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயர் இருக்க வேண்டும். எங்களுக்கு டிக்கெட் போட்டவர் மகள் பெயரை மட்டும் பழக்கதோஷத்தில் இனிஷியலோடு போட்டுவிட்டார். திருத்தக் கட்டணம் கட்டியது நாங்கள்.

படி 3: பக்கத்து நாட்டில் தொடங்குங்கள்

முதல் பயணத்திலேயே லண்டன் வேண்டாம். சென்னையிலிருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரத்துக்குள், கோலாலம்பூர் சுமார் 4 மணி நேரம், சிங்கப்பூரும் துபாயும் அதைவிடக் கொஞ்சம் கூட. மலேசியாவுக்கு 2026 டிசம்பர் 31 வரை நாம் விசா இல்லாமல் 30 நாள் போய்வரலாம். அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவத்தை மட்டும் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. பாஸ்போர்ட்டில் 6 மாதமாவது மிச்சம் இருக்கட்டும். சிங்கப்பூர் என்றால் மடியில் இருக்கும் குழந்தைக்கும் விசா உண்டு, அந்தச் செலவையும் தலைக்கு ஒன்றாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மே மாதம், பொங்கல், டிசம்பர் கடைசி மூன்றும் விலை ஏறும் காலம். பள்ளிக்குப் போகாத குழந்தை வீட்டில் இருப்பதே ஒரு தள்ளுபடிதான். விமான டிக்கெட் தேடும் தளங்களில் மாதம் முழுவதுக்கும் நாள்வாரியாக விலை காட்டும் வசதி இருக்கும். அதில் இரண்டு நாள் முன்னே பின்னே தள்ளிப் பாருங்கள்.

படி 4: ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்

மலிவு விமானம் எப்போதும் மலிவு என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் கூட்டியபோது வேறு மாதிரி வந்தது. புரிவதற்காக எண்களை முழுமையாக்கித் தருகிறேன்.

மலிவு விமானம்: போய்வர ஒரு சீட் 14,000. பெரியவர் இருவர், மகன், ஆக மூன்று சீட் 42,000. மடிக்குழந்தைக்கு 3,500. இரண்டு பெட்டி ஏற்ற 9,000. சாப்பாடு 2,000. மொத்தம் 56,500.

பெட்டியும் சாப்பாடும் சேர்ந்த விமானம்: பெரியவர் இருவருக்கு 36,000. மகனுக்கு 14,500. மகளுக்கு 2,500. மொத்தம் 53,000.

குழந்தை இருக்கும் வீட்டில் பெட்டி இல்லாமல் பயணம் கிடையாது. டயப்பரே பாதிப் பெட்டி. உங்கள் தேதிக்கு விடை மாறலாம், ஆனால் கூட்டாமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டவைத்துப் போனால் இன்னும் மலிவு என்பார்கள். நடுவில் இறங்கி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவதற்கு நான் தயாரில்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணமும் போகும்.

படி 5: சென்னையா, பெங்களூரா?

வேலூர்க்காரர்களுக்கு இரண்டும் உண்டு என்பது வசதி. பெங்களூரில் டிக்கெட் 2,000 குறைவாகத் தெரியும். ஆனால் அந்த விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனால், நகரத்தையும் முழுக்கக் கடக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு மேல் கார் வாடகை, சுங்கம் போட்டால் அந்த 2,000 ஓசூரிலேயே கரைந்துவிடும். பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் பெங்களூர்.

சென்னைக்கு நாங்கள் காட்பாடியில் ரயில் ஏறினோம். ஏறத்தாழ 2 மணி நேரத்தில் சென்ட்ரல், அங்கிருந்து நீல வழித்தட மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கு. விடியற்காலை விமானம் என்றால் மெட்ரோ கைகொடுக்காது. அதற்கு முந்தின இரவு காரில் கிளம்பும் செலவையும் அந்த 'மலிவு' டிக்கெட்டில் சேர்த்துப் பாருங்கள்.

படி 6: டிக்கெட் போட்டதும் ஒரு போன்

எல்லோரையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், போடுங்கள். 12 வயது வரையுள்ள பிள்ளைகளை அதே பிஎன்ஆரில் உள்ள அம்மா அல்லது அப்பா பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024-இல் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள், சீட் தேர்வுக்கான பணம் மிச்சம். பெரிய விமானமாக இருந்தால் தொட்டில் கிடைக்குமா, எத்தனை கிலோ வரை என்றும் கேளுங்கள். எண்ணிக்கை குறைவு, முந்தினவர்களுக்குத்தான். மடக்கும் தள்ளுவண்டியைப் பல நிறுவனங்கள் இலவசமாகவே ஏற்றுகின்றன.

படி 7: பறக்கும் நாள்

கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு, பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் கிடையாது. சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். நான் பிளாஸ்கில் வெந்நீரும், டப்பாவில் வறுத்து அரைத்த சத்துமாவும் எடுத்துப் போனேன். மாமியார் தந்த ஊறுகாய் பாட்டிலை செக்-இன் பெட்டிக்கு மாற்றினேன், கைப்பையில் இருந்தால் எடுத்துவிடுவார்கள்.

பால் கொடுக்கும் நேரத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஏறியதும் கொடுத்துவிட்டால், இறங்கும்போது குழந்தைக்குப் பசியே இருக்காது. காது அடைப்பது பெரும்பாலும் இறங்கும்போதுதான். உறிஞ்சி விழுங்கினால் காது திறக்கும். தரையிறங்க அரை மணி நேரத்துக்கு முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். அந்த அறிவிப்பு வந்ததும் மகளை எழுப்பிப் பாட்டிலைக் கொடுத்தேன். பாதி குடித்து நிறுத்தினாள், ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கொடுத்தேன். சளி, காதுவலி இருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அழாமல் இறங்கினாள். அழுதது மகன்தான், ஜன்னல் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று.